பகல் கட்டு, இரவுக் கட்டு: தட்பவெப்பத்தை வைத்து வீட்டைப் பிரிப்பது எப்படி?

தடித்த சுவர் வைத்தால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்பார் ஒருவர். தடித்த சுவரால்தான் ராத்திரி தூக்கமே போகிறது என்பார் இன்னொருவர். ஜன்னலைப் பெரிதாக வை, காற்று வரட்டும் என்று ஓர் ஆலோசனை. சின்னதாக வை, வெயில் வராமல் இருக்கட்டும் என்று அடுத்த ஆலோசனை. வீடு கட்டப்போகும் குடும்பம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறது.

சொன்னவர்கள் யாரும் தவறாகச் சொல்லவில்லை. எந்த அறைக்கு, எந்த நேரத்துக்கு என்ற இரண்டு கேள்விகள் விடுபட்டுப்போனதுதான் பிரச்சினை. மதியம் 2 மணிக்கு நல்லதாக இருக்கும் சுவர், இரவு 11 மணிக்குக் கெட்டதாக மாறும். அந்த 11 மணிக்கு அந்த அறையில் யாராவது படுத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சுவர் சரியா தவறா என்று சொல்ல முடியும்.

குடும்ப வீட்டைப் பகுதிகளாகப் பிரிப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் தனிமை, சத்தம், வேலை. குழந்தை தூங்க வேண்டும், ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும், பெரியவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. இதற்காகப் பிளானில் கோடு போட்டு முடித்த பிறகு, வெயிலையும் காற்றையும் தனிக் கணக்காகப் பார்க்கிறோம்: இங்கே ஒரு திரை, அங்கே ஒரு ஏசி. இரண்டு கணக்கையும் ஒரே கோட்டில் கொண்டுவர முடியும். சத்தம் மாறும் இடமும், பயன்படுத்தும் நேரம் மாறும் இடமும், வெப்பம் மாறும் இடமும் ஒன்றாகவே இருந்தால், நடுவில் நிற்கும் ஒரே சுவரும் ஒரே கதவும் மூன்று வேலை பார்க்கும். அதற்கு முதலில் சில அடிப்படைகள்.

உடம்புக்கு எது புழுக்கம்?

சுவரில் மாட்டிய வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் காட்டுகிறது. உடம்பு நான்கு விஷயங்களைச் சேர்த்து உணர்கிறது: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர், கூரை, தரை ஆகியவற்றின் வெப்பம், காற்றின் அசைவு, காற்றில் உள்ள ஈரம்.

இவற்றில் இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். கோடைக்காலத்தில் இரவு 10 மணிக்கு மேற்கு பார்த்த படுக்கையறையில் சுவர் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கி வெகுநேரம் ஆன பாத்திரத்தைத் தொட்டதுபோல ஒரு மிதமான சூடு இருக்கும். அறைக் காற்று 28 டிகிரி என்று வெப்பமானி காட்டலாம். ஆனால் அந்தச் சுவர் 34 டிகிரியில் இருந்தால், கட்டிலில் படுத்திருப்பவர் மேல் அது வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். காற்றசைவு குறைவான அறையில் உடம்பு உணர்வது, காற்றின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பத்துக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ள அளவு.

காற்றசைவு இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால், சுமார் 2 முதல் 3 டிகிரி குறைந்ததுபோலத் தோன்றும். மின்விசிறி ஆளைத்தான் குளிர்விக்கிறது, அறையை அல்ல. ஆள் இல்லாத அறையில் அது ஓடுவதால் மின்சாரச் செலவு மட்டும்தான்.

சூரியன் எந்தச் சுவரை எப்போது தொடுகிறது?

நடுப்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 90-இலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையைக் கழித்து, கோடைக்காலத்தின் உச்ச நாளுக்கு 23.5 கூட்டுங்கள், குளிர்காலத்தின் உச்ச நாளுக்கு 23.5 கழியுங்கள். அட்சரேகை 50 டிகிரியில் ஜூன் மாத உச்சத்தில் 63.5 டிகிரி வரும், டிசம்பரில் வெறும் 16.5. அட்சரேகை 10 டிகிரியில் டிசம்பரில் 56.5, ஜூனில் கணக்கு 90-ஐத் தாண்டி 103.5 ஆகிவிடும். அதாவது சூரியன் உச்சியைக் கடந்து மறுபக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். (இது வடக்கு அரைக்கோளத்துக்கான கணக்கு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்கள் மாதங்களையும் வடக்கு தெற்கையும் மாற்றிப் படிக்க வேண்டும்.)

இந்த எண்கள் ஜன்னலுக்கு என்ன செய்கின்றன? 1.2 மீட்டர் உயரமுள்ள, தெற்கு பார்த்த ஜன்னலை எடுத்துக்கொள்வோம். 50 டிகிரி அட்சரேகையில் ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டி 60 சென்டிமீட்டர் சன்ஷேடு போட்டால், ஜூன் நடுப்பகல் வெயில் முழுவதையும் அது மறைத்துவிடும். அதே சன்ஷேடு டிசம்பரில் ஜன்னலின் மேல் 18 சென்டிமீட்டரை மட்டுமே மறைக்கும். மீதி வெயில் உள்ளே வந்து அறையைச் சூடாக்கும். கோடையில் தடுப்பு, குளிரில் வரவேற்பு. இரண்டையும் அசையாத ஒரு சன்ஷேடே பார்த்துக்கொள்கிறது.

கிழக்கிலும் மேற்கிலும் இந்த வித்தை பலிக்காது. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாக, கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக வரும். மாலை 4 மணி வெயிலை மேற்கு ஜன்னலில் மறைக்க 2 மீட்டருக்கு மேல் நீளும் சன்ஷேடு தேவைப்படலாம். அங்கே செங்குத்தான தடுப்புகள், மரம், ஜாலி (துளைகள் விட்டுக் கட்டிய தடுப்பு), ஆழமான பால்கனி ஆகியவைதான் உதவும். மேற்கும் கிழக்கும் வாங்கும் வெயில் ஒரே அளவுதான். ஆனால் மேற்கில் வெயில் விழும்போது காற்றும் நாளின் உச்ச சூட்டில் இருப்பதால் மேற்கு அறை இரட்டிப்பாக அவதிப்படுகிறது.

நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, சுவர்களை விடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது. தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். கறுத்துப்போன கான்கிரீட் மொட்டை மாடியின் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டும்.

சுவரும் ஒரு கடிகாரம்தான்

வெப்பம் கெட்டியான சுவரின் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வந்து சேர நேரமாகும். இந்த இடைவெளிக்கு வெப்பத் தாமதம் என்று பெயர். இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவருக்கு இது சுமார் 6 முதல் 8 மணி நேரம். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்துக்குச் சுமார் 4 மணி நேரம். மெல்லிய பலகைச் சுவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதைத் திசையோடு சேர்த்துப் படித்தால் பிளான் தானாகப் பேச ஆரம்பிக்கும்:

1. மேற்குச் செங்கல் சுவரில் வெயிலின் உச்சம் மாலை 4 மணி. 7 மணி நேரம் கூட்டினால் இரவு 11. ஊரே தூங்கப்போகும் நேரத்தில் சுவர் சூட்டை உள்ளே விடுகிறது.

2. கிழக்குச் சுவரில் உச்சம் காலை 8 அல்லது 9 மணி. 7 கூட்டினால் பிற்பகல் 3 அல்லது 4. அந்த நேரத்தில் படுக்கையறை பெரும்பாலும் காலி. படுக்கப்போகும் நேரத்துக்குள் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிடலாம்.

3. மேல்தளத்தின் உச்சம் பிற்பகல் 1 மணி. 4 கூட்டினால் மாலை 5. அப்புறம் முன்னிரவு முழுக்கக் கூரை கதிர் வீசிக்கொண்டிருக்கும்.

வெப்பமான ஊரில் படுக்கையறைக்குக் கிழக்கு நல்லது என்பதன் காரணம் இதுதான். குளிர் பிரதேசத்திலும் படுக்கையறையைக் கிழக்கில் வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக: எழுந்திருக்கும் நேரத்தில் வெயில் உள்ளே வரும் என்பதற்காக.

இங்கே இன்னொரு சொல்லையும் புரிந்துகொள்ள வேண்டும். வெப்பத் தேக்கம் என்பது கெட்டியான பொருள் வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் தன்மை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு சுமார் 1,700 கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கலாம். அதனால்தான் ஏசியை நிறுத்திய அரை மணி நேரத்தில் அறை மறுபடி சூடாகிறது: காற்று குளிர்ந்தது, சுவர் குளிரவில்லை.

வெப்பக் காப்பு என்பது வேறு. கண்ணாடிக் கம்பளி, தெர்மாகோல் போன்ற எடையில்லாத பொருள்கள் வெப்பத்தைத் தேக்குவதில்லை, கடக்கவிடாமல் தடுக்கின்றன. கான்கிரீட்டை விடத் தெர்மாகோல் சுமார் 40 மடங்கு குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்துகிறது. கடைகளிலும் விளம்பரங்களிலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதுதான் பல வீடுகள் தவறிப்போவதற்குக் காரணம் என்பேன்.

தேக்கம் எப்போது நன்மை? பகலுக்கும் இரவுக்கும் வெளியே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால். இரவில் ஜன்னல்களைத் திறந்துவைத்தால் சுவர் குளிர்ந்துவிடும்; அடுத்த பகல் முழுவதும் அந்தக் குளிர்ச்சி நம்முடையது. இரவிலும் வெளியே புழுங்கும் ஈரமான ஊரில் சுவர் எப்போதுமே குளிர வாய்ப்பில்லை. அங்கே தடித்த சுவர் இறக்கிவைக்க முடியாத சுமை. பகலில் இருக்கும் அறைக்கு அது ஓரளவு உதவலாம். இரவு அறைக்கு லேசான, நிழல் விழுந்த, காற்று இருபுறமும் கடக்கும் சுவர்தான் சரி. ஒரே வீட்டில் பகல் கட்டு (பகலில் புழங்கும் அறைகளின் பகுதி) ஒரு பொருளிலும், இரவுக் கட்டு (தூங்கும் அறைகளின் பகுதி) வேறொரு பொருளிலும் இருக்கலாம். அதில் தவறே இல்லை.

பிளானுக்கு முன் ஒரு மணிக்கணக்கு

கோடு போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை:

1. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், அப்போது அமைதி தேவையா, சத்தம் போடுகிறார்களா. வார நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று என இரண்டு பட்டியல்.

2. எந்த அறை வெப்பத்தை உண்டாக்குகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட். எரியும் பெரிய கேஸ் பர்னர் ஒன்று 2,000 முதல் 3,000 வாட். சமையலறையில் ஒரு பர்னர் எரிவது, அங்கே இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அதனால் சமையலறை காற்று வெளியேறும் பக்கம் இருக்க வேண்டும். காற்று நுழையும் பக்கம் வைத்தால் அந்தச் சூடும் புகையும் வீடு முழுக்கச் சுற்றும்.

3. யாரும் அதிக நேரம் இருக்காத இடங்கள் எவை: மாடிப்படி, குளியலறை, ஸ்டோர், துணி துவைக்கும் இடம், அலமாரி வரிசை. இவைதான் இடைப்பகுதிகள். வெப்பமான ஊரில் மேற்கு ஓரத்தில் இவற்றை அடுக்கினால் மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். குளிர் ஊரில் வெயில் படாத பக்கத்தில் வைத்தால் குளிரை வாங்கிக்கொள்ளும். இரண்டு பகுதிகளுக்கு நடுவில் வைத்தால் சத்தத்தையும் தடுக்கும்.

இந்தப் பட்டியல் எழுதிய பிறகு எந்த அறைகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். குடும்ப உறவை வைத்துச் சேர்த்ததும் நேரத்தை வைத்துச் சேர்த்ததும் பல சமயம் ஒத்துப்போகாது. இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்கும் ஒருவர் இருந்தால், அவர் அறைக்குப் பகல் அறைகளின் வெப்பக் கணக்கும் இரவு அறைகளின் சத்தக் கணக்கும் சேர்ந்து வேண்டும்.

பிரிப்பதற்கு ஒரு விலை உண்டு

கட்டு கட்டாகப் பிரித்தால் வெளிச்சுவர் கூடும். 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுர வீட்டின் சுற்றளவு 48 மீட்டர். அதையே 6-க்கு 12 என இரண்டு கட்டுகளாக வெட்டித் தள்ளிவைத்தால் மொத்தச் சுற்றளவு 72 மீட்டர். தரைப்பரப்பு ஒன்றுதான், வெளிச்சுவர் ஒன்றரை மடங்கு. குளிர் பிரதேசத்தில் இது முழுவதும் வெப்பம் கசியும் பரப்பு. ஈரமான வெப்ப ஊரில் இதுவே காற்று நுழையும் பரப்பு. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில், கூரை உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் காற்று எட்டும். எதிரெதிரே ஜன்னல் இருந்தால் ஐந்து மடங்கு வரை போகும். ஓர் அறை அகலத்தில் நீளும் கட்டுக்கு ஈரமான வெப்ப ஊரில் அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஆகவே பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும்.

குளிர் ஊரில் வீட்டை ஒரே பெட்டியாக, இறுக்கமாகக் கட்டிவிட்டு உள்ளே பிரிக்க வேண்டும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் குடியேறப்பட்ட முதல் பாசிவ் ஹவுஸ் வீடுகள் (மிகக் குறைந்த எரிசக்தியில் கதகதப்பாக இருக்கும்படி கட்டியவை) இந்த வழியில் வந்தவை. அங்கே காற்றுக்கே ஒரு வரிசை உண்டு: புதுக் காற்று படுக்கையறைக்கும் ஹாலுக்கும் வரும், நடை வழியாகக் கடக்கும், சமையலறையிலும் குளியலறையிலும் உறிஞ்சி வெளியேற்றப்படும். பகுதிப் பிரிப்பு அங்கே சுவரோடு நிற்காமல் காற்றின் திசையிலும் இருக்கிறது.

வறண்ட வெப்ப ஊரில் முற்றத்தைச் சுற்றிப் பிரிக்கலாம். ஈரானின் யஸ்த் நகரத்துப் பழைய வீடுகளில் முற்றத்தின் தெற்குப் பக்கத்து அறைகள் வடக்கு நோக்கி இருக்கும். வெயில் நேராக விழாததால் அவை கோடைக்கு. வடக்குப் பக்கத்து அறைகள் தெற்கு நோக்கி வெயில் வாங்கும், அவை குளிர்காலத்துக்கு. பருவத்துக்குப் பருவம் குடும்பம் வீட்டுக்குள்ளேயே இடம் மாறியது. வெப்பத்தைத் துரத்தி அடிப்பதற்குப் பதில், ஆள் நகர்ந்துபோனால் போதும் என்ற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய வீட்டிலும் கோடையில் தூங்க ஓர் அறை, குளிரில் தூங்க ஓர் அறை என்று மாற்றிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.

பகலையும் இரவையும் தனித்தனிக் கட்டாக்கி நடுவில் ஒரு நுழைவு நடையை மட்டும் வைக்கும் யோசனையைக் கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் 1940-களில் பிரபலமாக்கினார். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1945-இல் அவர் கட்டிய கெல்லர் வீடு அதற்கு முன்மாதிரி. 2022-இல் அது இடிக்கப்பட்டது. இரண்டு கட்டுக்கும் நடுவில் உள்ள நடைதான் அந்த வகை வீட்டின் உயிர். அதை வெறும் வழியாக நினைத்துக் கதவில்லாமல் விட்டால், இரண்டு கட்டு கட்டிய செலவு வீண்.

காற்று வரும் வழியில்தான் சத்தமும் வரும்

நடைமுறையில் அதிகம் இடறும் இடம் இது. இருபுறமும் பூசிய அரைச்செங்கல் சுவர் (9 அங்குலச் சுவரில் பாதித் தடிமன்) சுமார் 45 டெசிபெல் சத்தத்தைத் தடுக்கும். ஆனால் ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லைத் தாண்டாது.

ஒரு கதவை அளந்து பார்ப்போம். அகலம் 90 சென்டிமீட்டர், உயரம் 2.1 மீட்டர். அடியில் 2 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி கதவின் பரப்பில் ஏறத்தாழச் சரியாக நூற்றில் ஒரு பங்கு! தேக்கிலேயே செய்த கதவாக இருந்தாலும் அந்தச் சந்து அதைத் தோற்கடித்துவிடும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். 20 போனால் 40. படுக்கையறைக்குள் 30 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன அளவு.

சந்தை அடைத்தால் காற்று நிற்கும். விட்டால் சத்தம் வரும். இதற்கு வழிகள்:

1. பகல் கட்டுக்கும் இரவுக் கட்டுக்கும் நடுவில் ஒரு கதவுக்குப் பதில் இரண்டு கதவு, இடையில் ஒன்றரை மீட்டர் நடை. இரண்டு கதவும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது.

2. ஒவ்வொரு கட்டுக்கும் காற்று தனியாக வந்து தனியாகப் போக வேண்டும். இரவுக் கட்டின் காற்று ஹால் வழியாகத்தான் போக முடியும் என்றால், ராத்திரி ஒருவர் டிவி பார்க்கும்போது எல்லோரும் புழுங்கியாக வேண்டும்.

3. அதற்கு இடமில்லாத வீட்டில், அலமாரிக்கு மேல் பரண் வழியாக வளைந்து போகும் ஒரு காற்றுப் பாதை. உட்பக்கம் சத்தத்தை உறிஞ்சும் மெத்தென்ற பொருள் ஒட்டினால் காற்று வளைந்து போய்விடும், சத்தத்தில் பெரும்பகுதி நின்றுவிடும்.

ஏசி போட்ட பகுதி ஒரு தனி நாடு

வீடு முழுவதையும் குளிர்விக்காமல் இரவுக் கட்டை மட்டும் குளிர்விப்பது நல்ல சிக்கனம். ஆனால் அந்த நிமிடமே உள்சுவர் வெளிச்சுவராக மாறிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. அறைக்கும் நடைக்கும் நடுவில் உள்ள சுவருக்கும் கதவுக்கும் வெளிப்பக்கச் சுவருக்குக் கொடுக்கும் கவனிப்பு வேண்டும்.

ஈரமான ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளிக்காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். உள்ளே 22 டிகிரியில் ஏசி ஓடும் அறையின் மெல்லிய தடுப்புச் சுவரின் மறுபுறம், காற்றோட்டம் இல்லாத நடையில் ஓர் அலமாரி சாய்ந்திருந்தால், சில மாதங்களில் அதன் முதுகில் கறுப்புப் பூஞ்சை படரும். துணியில் வரும் மக்கல் வாடைதான் முதல் அறிகுறி. அத்தகைய சுவரில் வெப்பக் காப்பை வெப்பமான, ஈரமான பக்கம் ஒட்ட வேண்டும்; அலமாரியைச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளிவைக்க வேண்டும்.

பெரியவர்கள் அறை

நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். வயதானால் வியர்ப்பது குறைகிறது, தாகமும் சரியாகத் தெரிவதில்லை, உடம்பு சூடாவதையே தாமதமாகத்தான் உணர்கிறார்கள். வெப்ப அலை நாள்களில் முதலில் பாதிக்கப்படுவதும் அவர்களே. பகல் அறை, இரவு அறை என்ற பிரிவு இவர்களுக்குப் பொருந்தாது. 24 மணி நேரமும் ஒரே அறை தாங்க வேண்டும்.

அதனால் மற்ற அறைகளின் இடத்தை முடிவு செய்வதற்கு முன் இந்த அறையின் இடத்தை முடிவு செய்வதே முறை. தரைத்தளம், மேலே இன்னொரு மாடி இருக்கும் பகுதி, மேற்கு வெயில் படாத மூலை, இரண்டு பக்கம் ஜன்னல், கைக்கெட்டும் தூரத்தில் குளியலறை, நடமாட்டம் தெரியும்படி ஹாலை நோக்கி ஒரு கதவு, வேண்டும்போது சாத்திக்கொள்ள அதற்கு ஒரு நல்ல ரப்பர் விளிம்பு. மேலே மாடி இல்லையென்றால், வெப்பக் காப்புக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இந்த அறையின் கூரைக்கு. அதையும் கான்கிரீட்டுக்கு மேல்பக்கம் போட்டு, அதன் மேல் வெள்ளைப் பூச்சு கொடுக்க வேண்டும். அப்போதுதான் வெயில் தளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே நிற்கும்.